பெத்தகானவில் கபரகொய்யா, பேச்செல்லாம் முள்வால் ஓணான்

முதலில் ஆட்டோக்காரனைத் திட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு ஆறாது. கொழும்பு வெள்ளவத்தையில் ஏறி பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு மீட்டர் போடச் சொன்னால், "மீட்டர் பழுது" என்கிறான். மச்சான் தோளில் தொங்கிய விமான நிறுவனப் பையைக் கண்டுவிட்டான் போல. அவன் வாங்கிய காசுக்கு இரண்டு பேர் வயிறு முட்டக் கொத்து சாப்பிட்டு, பிளேன்டீயும் குடித்திருக்கலாம். பஸ்ஸில் போங்கள்.

சரி, பூங்கா. குவைத்தில் வேலை செய்யும் மச்சான் லீவில் வந்திருந்தான். கொழும்பில் காசு கரையாத இடமாகக் காட்டு என்றான். 2018இல் கொழும்புக்கு ராம்சார் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தம்) ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது; அதை அறிவித்த மாநாடு நடந்தது துபாயில். வளைகுடாக்காரனுக்கு அதில் ஒரு தனிப் பெருமை.

பலகைப் பாதையோரம் ஒரு கபரகொய்யா (தண்ணீர் உடும்பு), என் உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, பிளந்த நாக்கை நீட்டி மோப்பம் பிடித்துக்கொண்டு கிடந்தது. மீன், நண்டு, செத்துப்போனது, அழுகியது, எதையும் விடாது. நான் வாய் பிளந்து நின்றேன். மச்சான் அசையவில்லை.

"இது என்ன மச்சான், எங்கட தப் இலைதழை தின்டுதான் பாலைவனத்தில சீவிக்குது."

அதோடு கபரகொய்யாவை மறந்துவிட்டேன். அரபிகள் தப் என்பது முள்வால் ஓணானை. குவைத்தில் இருப்பது எகிப்திய இனம், வளர்ந்தது இரண்டடிக்கு மேல் போகும். விடியற்காலையில் வளையை விட்டு வரும்போது உடம்பு கறுத்திருக்குமாம், வெயிலை உறிஞ்ச. சூடேறியதும் வெளிறி மஞ்சளாகிவிடும். உச்சி வெயிலில் திரும்ப வளைக்குள். தண்ணீர் குடிப்பதே அரிது, தின்னும் செடியிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. செடியோடு உள்ளே போகும் உப்பை மூக்கிலுள்ள சுரப்பி வெளியே தள்ளுவதால் மூக்குத் துவாரத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும்.

வால்தான் உச்சம். பலாக்காய்த் தோல் மாதிரி வளையம் வளையமாக முள். நம் வீட்டுப் பல்லி போல வாலை அறுத்துப் போட்டு ஓடாது. வளைக்குள் தலையை விட்டு, உடம்பை ஊதி இறுக்கிக்கொண்டு, வாசலில் வாலை வைத்து அடைத்துவிடும். நரியோ மனிதனோ கையை விட்டால் அடி.

மனிதன் கையை விடாமல் இருப்பானா? பாலைவனத்தில் பிடித்துச் சமைக்கிறார்கள், மச்சானும் ஒருமுறை ருசி பார்த்தானாம் (கோழிதான் நல்லது என்கிறான், நம்புகிறேன்). வளர்ந்து முட்டையிடவே பல வருடம் பிடிக்கும் பிராணி. வேட்டையும், செடியை மேய்ந்து தீர்க்கும் ஆட்டு மந்தையும், மணலை உழும் ஜீப்பும் சேர்ந்தால் எப்படித் தாங்கும்? அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. தார் பாலைவனத்து இனத்தின் கதை இன்னும் மோசம். அதன் கொழுப்பை உருக்கி சாண்டா எண்ணெய் என்று மூட்டுவலிக்கும் ஆண்மைக்கும் தெருவோரத்தில் விற்கிறார்கள். சுத்தப் பித்தலாட்டம். இந்தியாவின் 1972 வனவிலங்குச் சட்டம் பாதுகாக்கும் பிராணி அது.

பூங்கா விவரம் தருவதாக முகநூலில் சொல்லியிருந்தேன் அல்லவா? காலையில் போங்கள், நுளம்புக்கு ஏதாவது பூசிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். திரும்பி வந்து வெள்ளவத்தையில் சாப்பிட்ட இடியப்பமும் சொதியும் அருமை, சம்பல் போதவில்லை, கேட்டால் முறைக்கிறார்கள்.

தப்பைப் பார்க்க இளவேனிலில் வா, குளிர்காலத்தில் வளைக்குள் படுத்துவிடும் என்று மச்சான் அழைத்திருக்கிறான். குவைத் டிக்கெட் விலை பார்த்தேன். அப்புறம் லாப்டாப்பை மூடிவிட்டேன். யாருக்காவது மலிவாகப் போகும் வழி தெரிந்தால் எழுதுங்கள், நடுவில் எங்கே இறங்கி ஏறச் சொன்னாலும் பரவாயில்லை.