திருக்கைத் தொட்டி: குற்றவாளி கே.எச். தான்

பதினோரு நாட்களாக அம்மோனியா பூஜ்ஜியம், நைட்ரைட்டும் பூஜ்ஜியம். இன்று காலை பெரிய பெண் மோட்டோரோ (நன்னீர்த் திருக்கை இனம்) மணலை வாரி இறைத்து மண்புழு தேடியதைப் பார்த்து அரை மணி நேரம் தொட்டிமுன் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதப் போராட்டம் இது.

தொட்டி 240-க்கு 90 செ.மீ., சம்ப்பையும் (வடிகட்டித் தொட்டி) சேர்த்து ஏறக்குறைய 1300 லிட்டர். இரண்டு பெண், ஓர் ஆண். சனிக்கிழமை தவறாமல் பாதி நீரை மாற்றுவேன். அன்று மாலையே திருக்கைகளின் உடல் ஓரம் மேல்நோக்கிச் சுருளும், மூச்சு படபடக்கும். மறுநாள் கொஞ்சம் தெளியும். குளோரின் என்று நினைத்து நீக்கியை இரட்டிப்பாக்கினேன். பிறகு தீனியாகப் போடும் இறால்மேல் சந்தேகம். நீர் மாற்றும் முன் அம்மோனியா 2 காட்டியது, அதைக் குறைக்கத்தானே மாற்றுகிறோம் என்று நம்பினேன்.

கே.எச்., அதாவது பி.எச். சரியாமல் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் காரத்தன்மையின் அளவு, அதைப் பார்க்கத் தோன்றவே இல்லை. சோதனைப் பட்டை எப்போதும் 4 என்றே காட்டியது. அந்தப் பட்டைகளை நம்பியதுதான் ஆத்திரம் தருகிறது. சொட்டுச் சோதனை வாங்கி ஒரே சொட்டு விட்டதும் நிறம் மாறியது. கே.எச். 1-கூட இல்லை! பி.எச். என் சோதனைப் பெட்டி காட்டக்கூடிய அடிமட்டமான 6.

பிறகுதான் கணக்குப் புரிந்தது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக்க, கால்சியம் கார்பனேட் கணக்கில் ஏறக்குறைய 7 கிராம் காரத்தன்மை செலவாகிறது. மூன்று திருக்கைகள் தின்று கழிப்பதற்கு என் குழாய் நீரின் கே.எச். 3 எந்த மூலைக்கு? அது தீர்ந்ததும் பி.எச். சரிந்தது, அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் சோர்ந்தன, அம்மோனியா தேங்கியது. பி.எச். 6-இல் அதில் பெரும்பகுதி நச்சு குறைந்த அம்மோனியமாக இருப்பதால் மீன்கள் தாங்கின. நான் 7.8 பி.எச். நீரைப் பாதித் தொட்டிக்கு ஊற்றினேன். பி.எச். ஒன்று கூடினால் நச்சு அம்மோனியாவின் பங்கு பத்து மடங்கு கூடுகிறது. பாதியைக் கொட்டிவிட்டு, மிச்சத்துக்குக் கூர்தீட்டிக் கொடுத்திருக்கிறேன்.

கே.எச். ஏற்றும் சமையல் சோடாவை உடனே கொட்டவில்லை, பி.எச். திடீரென ஏறும், அதுவும் இதே தவறுதான். தீனியைப் பாதியாக்கி, தினமும் பத்து சதவீத நீரை மட்டும் மெதுவாக மாற்றினேன். அம்மோனியா 0.25-க்குக் கீழ் இறங்கிய பிறகே சமையல் சோடா. 100 லிட்டருக்கு 3 கிராம் போட்டால் கே.எச். ஒரு பாகை ஏறும். நான் நாளொன்றுக்கு அரைப் பாகைக்குமேல் ஏற்றவில்லை, அதாவது 20 கிராம், வாளி நீரில் கரைத்து சம்ப்பில். நொறுக்கிய பவளம் ஒரு பை போட்டிருக்கிறேன், ஆனால் அது நீர் புளித்தால்தான் கரையும், அதை மட்டும் நம்பக் கூடாது. இப்போது கே.எச். 4, பி.எச். 7.2.

உப்புப் போடச் சொன்னவர்களுக்கு ஒரு வார்த்தை: கடல் திருக்கைபோல யூரியாவை உடலில் தேக்கும் திறனை இழந்த இனம் இது. அதன் தொட்டியில் உப்பு மூட்டையை நான் அவிழ்க்க மாட்டேன்.

குட்டி வாங்கும்போது, வளர்ப்பவர் வைத்திருந்த நீரின் கே.எச். என்னவென்று கேட்டு வாங்குங்கள். என் ஆண் குட்டியை விற்றவர் பி.எச். மட்டும் சொன்னார், நானும் அத்தோடு விட்டேன். அந்த ஆண் இப்போது பெண்களின் ஓரத்தைக் கடிக்கத் தொடங்கிவிட்டான், தனித் தொட்டி தேவைப்படும். பிரேசிலின் ஷிங்கு ஆற்றுக் கறுப்புத் திருக்கை வாங்கும் ஆசை அதுவரை ஒத்தி. சில்வர் அரோவானா மீனும்தான்.

நைட்ரேட் இன்னும் 40. சொட்டு முறையில் நாள் முழுவதும் நீர் மாற்றக் குழாய் வாங்கிவிட்டேன், சம்ப்பில் துளையிட வைரமுனைத் துளைப்பானும் வந்துவிட்டது. சம்ப்பின் பக்கக் கண்ணாடி கடினப்படுத்தியதா என்று தெரியாமல் அதில் முனையை வைக்கப் போவதில்லை. கடினப்படுத்தியது என்றால் நொறுங்கிவிடும்.