மேனிஃபோல்டு ஒன்று, லூப் ஒன்பது, பேப்பர் பூஜ்யம்

புது வீட்டில் அண்டர்ஃப்ளோர் ஹீட்டிங் (தரைக்கடியில் குழாய் பதித்து, சுடுதண்ணீர் ஓட்டி அறையைச் சூடாக்குவது) போட்டுக்கொள்கிறவர்கள் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் ஒரு தாளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். எந்த லூப் (போய்ச் சுற்றித் திரும்பும் ஒரு குழாய்) எந்த அறைக்குப் போகிறது, ஒவ்வொன்றும் எத்தனை மீட்டர் என்று எழுதிய தாள். எங்களுக்கு அது வரவில்லை. போட்டுக் கொடுத்த கம்பெனியிடம் கேட்டபோதெல்லாம் "ஆபீஸ்ல இருக்கு சார், அனுப்பிடறோம்" என்ற பதில் மட்டும் தவறாமல் வந்தது.

குழாய் பதித்தது, பிரஷர் டெஸ்ட், ஸ்க்ரீட் (குழாய்களை மூடிப் போடும் தளக் கலவை) எல்லாம் ஒழுங்காகவே முடிந்தன. டைல்ஸ்காரர் மட்டும் "உடனே சூடு போட்டா சீக்கிரம் காயும்" என்று நச்சரித்தார். கேட்காதீர்கள். சிமென்ட் ஸ்க்ரீட் என்றால் 21 நாள் சும்மா விட வேண்டும். பிறகு 25 டிகிரி தண்ணீரை 3 நாள் ஓட்டி, அதற்கப்புறம்தான் முழுச் சூடு.

உண்மையான கூத்து ஆன் செய்த பிறகு ஆரம்பித்தது. குளியலறையில் கால் வைத்தால் நன்றாகச் சுடுகிறது, ஹாலில் தரை சில்லென்று கிடக்கிறது. போன் செய்தால், "எல்லா வால்வையும் முழுசாத் திறந்து விடுங்க, ரெண்டு நாள்ல தானா செட் ஆயிடும்." ஆகாது. தண்ணீர் தடை குறைந்த வழியாகத்தான் ஓடும். குட்டையான லூப் பெரும்பங்கை இழுத்துக்கொண்டால் நீளமான லூப்புக்கு மிச்சம்தான்.

அடுத்து ஒருவரை அனுப்பினார்கள். வந்தவர் மேனிஃபோல்டு பெட்டியை, அதாவது எல்லா லூப்பும் கிளம்பித் திரும்பும் வால்வுகள் இருக்கும் பெட்டியை, திறக்கக்கூட இல்லை. தண்ணீரின் சூட்டை 50-க்கு ஏற்றிவிட்டு, "இப்ப பாருங்க" என்று கிளம்பிவிட்டார். பார்த்தோம். ஹால் கொஞ்சம் தேறியது, குளியலறையில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை. புழங்குகிற அறைகளில் தரையின் மேற்பரப்பு 29 டிகிரியையும், குளியலறையில் 33 டிகிரியையும் தாண்டக் கூடாது என்பது விதி. சமநிலை கெட்டுக் கிடக்கும்போது சூட்டை ஏற்றினால் அந்தக் கோளாறு இன்னும் பெரிதாகும், அவ்வளவுதான். அவர் போனதும் முதல் வேலையாக 40-க்கு இறக்கினேன்.

தாள் இனி வராது என்று தெரிந்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது: குழாயின் மேலேயே மீட்டர் கணக்கு அச்சடித்திருந்தது! ஹால் லூப் கிளம்பும் முனையில் 112, திரும்பி வரும் முனையில் 210. கழித்தால் 98 மீட்டர். அதே சுருளிலிருந்து வெட்டிய குளியலறைக் குழாயில் 211, 245. வெறும் 34 மீட்டர். ஒன்றிரண்டு எண்கள் ஸ்க்ரீட்டுக்குள் புதைந்துவிட்டன, அவற்றை ஒரு மீட்டர் முன்பின்னாக வைத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் 'ஆபீஸ்ல இருக்கிற' தாள் என் கையில் இருந்தது.

இருந்தும் ஹால் லூப்பில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று காட்டும் ஃப்ளோ மீட்டர் பெரிதாக அசையவில்லை. உள்ளே காற்று. எல்லா லூப்பையும் ஒன்றாகத் திறந்து வைத்து நிரப்பினால் நீளமானவற்றில் காற்று தங்கிவிடும். மற்ற எல்லாவற்றையும் மூடி, ஒன்றை மட்டும் திறந்து, வெளியே வரும் ஹோஸை வாளித் தண்ணீரில் முக்கி, குமிழி முழுவதும் நிற்கும் வரை ஓட்ட வேண்டும். பிறகு அடுத்தது. சலிப்பான வேலைதான், ஆனால் இதைச் செய்யாமல் பேலன்ஸ் செய்வது, அதாவது ஒவ்வொரு லூப்பிலும் தேவையான அளவு தண்ணீர் ஓடும்படி வால்வுகளைச் சரிசெய்வது, வீண்.

எவ்வளவு ஓட வேண்டும் என்பதற்குச் சுலபமான கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை, போகிற தண்ணீருக்கும் திரும்புகிற தண்ணீருக்கும் உள்ள டிகிரி வித்தியாசத்தால் பெருக்கி, அதை 70-ஆல் பெருக்கினால் வாட். வித்தியாசம் 5 டிகிரி, லூப் தர வேண்டியது 700 வாட் என்றால் 2 லிட்டர். ஹாலுக்கு அதுதான் தேவை. 1 லிட்டர் போதுமான குளியலறையில் 4 லிட்டர் பாய்ந்துகொண்டிருந்தது.

ஆக்சுவேட்டர்களை (தெர்மோஸ்டாட் சொல்கிறபடி லூப்பின் வால்வைத் திறந்து மூடும் சிறு கருவிகள்) எல்லாம் கழற்றிவிட்டு, பம்பை ஒரே அழுத்தத்தில் ஓடும் மோடுக்கு மாற்றுங்கள். நீளமான லூப்பை முழுசாகத் திறந்து வைத்து, குட்டையானவற்றை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஒன்றை இறுக்கினால் மற்றவை ஏறும், அதனால் மறுபடி முதலிலிருந்து ஒரு சுற்று வர வேண்டியிருக்கும். கால் திருப்புக்கு மேல் ஒரே நேரத்தில் திருப்பாதீர்கள். ஸ்க்ரீட் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும், எனவே அறையின் சூட்டைப் பார்த்து அடுத்த திருப்பு திருப்ப ஒரு நாளாவது பொறுக்க வேண்டும். லேசர் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் பளபளப்பான உலோகத்தில் அடித்துப் பார்த்து ஏமாற வேண்டாம். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன் மேல் அடித்தால்தான் சரியான அளவு வரும்.

எல்லாம் முடிந்தது என்று ஆக்சுவேட்டர்களை மாட்டினால், படுக்கையறைத் தெர்மோஸ்டாட்டைக் குறைத்தபோது படிப்பறை ஆறியது. வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் புண்ணியவான்கள். கண்டுபிடிப்பது எளிது: எல்லாத் தெர்மோஸ்டாட்டையும் கடைசிக்கு இறக்கி, ஒன்றை மட்டும் ஏற்றி, சில நிமிடம் காத்திருந்து எந்த ஆக்சுவேட்டரின் தலை மேலே எழுகிறது என்று பாருங்கள். இதைப் பேலன்ஸ் செய்வதற்கு முன்பே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

இப்போது ஹாலும் குளியலறையும் நாங்கள் வைத்த சூட்டில் நிற்கின்றன, தண்ணீர் 38 டிகிரியில். கடைசி பில்லில் 'சிஸ்டம் பேலன்சிங்' என்று தனி வரி போட்டு ஒரு தொகை கேட்டிருந்தார்கள். என் தாளையும், திறந்த பெட்டியின் படத்தையும், இடம் மாறிக் கிடந்த வயர்களின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். மறுபேச்சு இல்லை, அந்த வரியை நீக்கிப் புது பில் வந்தது.