அகப்படாத கிருமி, ஆறு மாத மருந்து

ஜனவரி 12

மகளுக்குக் காசநோயா என்று பார்க்க, இன்றும் விடிகாலையிலேயே குழாய். ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். அதனால் கண் விழித்ததும், தண்ணீர்கூடக் குடிக்க விடாமல், மூக்கு வழியாக வயிற்றுக்குள் மெல்லிய குழாயை இறக்கி, இரவெல்லாம் விழுங்கியதை உறிஞ்சி எடுக்கிறார்கள். கையைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. "விடுங்கப்பா" என்றாள். விடவில்லை.

ஜனவரி 16

கிருமி இல்லை என்று முடிவு வந்தது. நாங்கள் சிரித்தோம், டாக்டர் சிரிக்கவில்லை. குழந்தைகளுக்கு நுரையீரலில் கிருமி கொஞ்சமாகத்தான் இருக்குமாம். பரிசோதனையில் சிக்காமலே நோய் இருக்கலாம். எக்ஸ்ரேயில் நெஞ்சுக்குள் நெறி (நிணநீர்க் கட்டி) வீங்கி மூச்சுக்குழாயை அமுக்குகிறது. காசநோய்ச் சோதனைக்காகக் கையில் போட்ட ஊசி தடித்திருக்கிறது. எடை 14.6 கிலோ. "வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா?" என்று கேட்டார். எல்லோரும் என் அப்பாவைத்தான் பார்த்தோம்.

ஜனவரி 18

அப்பாவின் சளியில் கிருமி இருந்தது. பேத்தி அவர் மடியில்தான் தூங்குவாள். ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

மகளுக்கு மருந்து தொடங்கியாயிற்று. தினமும் வெறும் வயிற்றில், தண்ணீரில் கரைத்த மூன்று மாத்திரை, கூடவே தனியாக எத்தாம்புட்டால் என்ற மருந்து. தீவிரமில்லாத காசநோய் என்றால் குழந்தைகளுக்கு நான்கு மாதமே போதும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டதாம். மூச்சுக்குழாய் அடைபட்டிருப்பதால் இவளுக்கு ஆறு மாதம். ஒரு வயதுத் தம்பிக்கு நோயில்லை, ஆனாலும் தடுப்பு மருந்து உண்டு.

ஜனவரி 20

சிறுநீர் ஆரஞ்சு நிறம். மாத்திரையில் கலந்திருக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் வேலை, பயமில்லை. அவளுக்கோ பெருமை; வீட்டையே கூப்பிட்டுக் காட்டினாள்.

மார்ச் 19

16.1 கிலோ! மருந்து எடையைப் பார்த்துத்தான், அதனால் இனி நான்கு மாத்திரை. எத்தாம்புட்டாலும், மாத்திரையில் கலந்திருந்த பைரசினமைடு என்ற மருந்தும் நின்றன. ஆனால் எக்ஸ்ரேயில் நெறி முன்பைவிடக் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. எனக்குக் கை சில்லிட்டது. கிருமி சாகும்போது உடம்பின் எதிர்ப்பு முழித்துக்கொண்டு இப்படி வீங்குவதுண்டு, படத்தைவிட எடையை நம்புங்கள் என்றார் டாக்டர். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையிலும் எதுவும் வளரவில்லை.

மே 6

"நல்லாத்தானே ஓடியாடுறா, இன்னும் எதுக்கு மருந்து?" என்று அம்மா. இருமல் நின்று இரண்டு மாதமாகிறது, அவர் கேட்டதில் தப்பில்லை. மருந்தை முழுசாக எடுக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தேறிவிடுகிறார்கள். 'முழுசாக' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சண்டை போட்டுத்தான் இன்றைய மாத்திரையைக் கொடுத்தேன்.

ஜூலை 18

கடைசி வேளை முடிந்தது. 17.8 கிலோ. எக்ஸ்ரேயில் ஒரு சின்னத் தழும்பு மட்டும்.

அட்டையில் 'சிகிச்சை முடிந்தது' என்றுதான் எழுதினார்கள். தாத்தா அட்டையில் 'குணமடைந்தார்'. முதலில் கிருமி அகப்பட்டிருந்தால்தான் பிறகு இல்லை என்று காட்டி அந்த வார்த்தையை எழுத முடியுமாம். நியாயம்தான், ஆனாலும் எனக்கு எரிச்சல்.

அவள் கவலை வேறு. "இனிமே ஆரஞ்சா வராதாப்பா?"