கச்சானும் கிளைடரும் மூன்று எண்களும்

ஜூன் 14, 2025, சனி

இன்று ரிமோட்டில் பறக்கவிடும் என் சின்னக் கிளைடரைக் கடலுக்குக் கொடுத்திருப்பேன். சீனக்குடா விமானத்தளம் இருப்பதால் திருகோணமலை நகரப் பக்கம் பறக்கவிடுவதில்லை, எப்போதும் கும்புறுப்பிட்டிதான். கச்சான் காற்று நன்றாக அடித்தது. எதிர்த்துப் போகட்டும் என்று வேகத்தைச் செக்கனுக்கு 14 மீட்டருக்கு ஏற்றினேன். ஏற்றிய கையோடு, பிளேனைத் தானாக ஓட்டும் மென்பொருளான ஆர்டுபைலட், தேர்மல் (மேலெழும் சூடான காற்று) கண்டுவிட்டதாக நினைத்து வட்டமடிக்கத் தொடங்கியது. அங்கே தேர்மலும் இல்லை, ஒன்றும் இல்லை. கச்சான் தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. ஒவ்வொரு வட்டத்துக்கும் பிளேன் கடல் பக்கம் தள்ளுண்டு போனது. வலை காயவைத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர், "தம்பி, உன்ர பிளேன் புறாமலைக்குப் போகுது!" என்று கடலுக்குள் இருக்கும் தீவைச் சொல்லிக் கத்தினார். கட்டுப்பாட்டைக் கைக்கு எடுத்து மோட்டரைப் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தபோது பற்றரியில் மிச்சம் சொற்பம்.

இரவு, லொக்

பறப்புப் பதிவை மிஷன் பிளானர் என்ற கணினி மென்பொருளில் பார்த்ததும் விளங்கிவிட்டது. இந்த வேகத்தில் அசையாத காற்றில் எவ்வளவு இறங்க வேண்டும் என்று கன்ட்ரோலர் கணக்குப் போடுகிறது. அதைவிடக் குறைவாக இறங்கினால், காற்று மேலே தூக்குகிறது என்று முடிவெடுக்கும். அந்தக் கணக்குக்கு மூன்று எண்கள்: போலார் கே (இறக்கை சுமக்கும் எடையைச் சொல்வது), சிடி சைபர் (தூக்குவிசை இல்லாதபோதும் இருக்கும் இழுவை), பி (தூக்குவிசையோடு கூடும் இழுவை). நான் மூன்றையும் தொடவே இல்லை. கே 25.6 என்று மென்பொருளோடு வந்தபடியே கிடந்தது.

கே என்பது எடையை இறக்கைப் பரப்பால் வகுத்து 16 ஆல் பெருக்குவது. 16 எங்கிருந்து வருகிறது? புவியீர்ப்பு 9.81இன் இரு மடங்கை, காற்றின் அடர்த்தி 1.225 ஆல் வகுத்தால் வரும். என் கிளைடர் 1.4 கிலோ, பரப்பு 0.40 சதுர மீட்டர். ஆகவே 56. பாதிக்கும் குறைவான எண்ணை வைத்துக்கொண்டு பறந்திருக்கிறேன்! 14இல் அது செக்கனுக்கு 2.95 மீட்டர் இறக்கத்தை எதிர்பார்த்திருக்கிறது. பிளேன் அவ்வளவு இறங்காததால், மிச்சத்தையெல்லாம் தேர்மல் கணக்கில் எழுதிவிட்டது. வட்டமடிக்கத் தொடங்கும் வரம்போ வெறும் 0.7.

ஜூன் 21, சனி

விடிய ஐந்தரைக்கே போனோம். காற்று அடங்கி, பனை ஓலைகூட அசையவில்லை. உண்மையான இறக்கத்தை அளக்க, மோட்டரை நிறுத்தி 120 மீட்டரிலிருந்து 40 வரை இறக்குவது, வேகத்தை மாற்றி மாற்றி. மருமகன் நேரம் பிடித்தான்.

14இல் 35 செக்கன்தான். "மாமா, விசிறி ஒரு பக்கம் விரிஞ்சே நிக்குது" என்றான். பின்னால் மடிய வேண்டிய அலகு இரண்டில் ஒன்று மடியவில்லை. இறக்கிப் பார்த்தேன்: மூட்டு ஆணியைச் சுற்றி ஈர மணல், அரிசிக் குறுணி அளவில் இரண்டு மூன்று மணிகள். பழைய பல்தூரிகையால் தட்டி, ஊதி எடுத்ததும் அலகு தன் பாட்டில் தொங்கியது. மறுபடி விட்டபோது 44 செக்கன். ஒரு சிறு அலகு காற்றில் நின்றால் இவ்வளவு இழுவை என்பதை இன்றுதான் கண்ணால் கண்டேன். மணலில் இறக்குபவர்கள் எல்லாரும் இந்த மூட்டைப் பாருங்கள்.

மற்றவை: 11இல் 80 செக்கன், 9இல் 119.

ஜூன் 22, ஞாயிறு

வரைபுத்தாளில் குறித்தேன். ஒவ்வொரு வேகத்துக்கும் சிஎல் (தூக்குவிசைக் குணகம்) என்பது கேயை வேகத்தின் வர்க்கத்தால் வகுத்தது. இறக்கத்தை வேகத்தால் வகுத்து சிஎல்லால் பெருக்கினால் மொத்த இழுவைக் குணகம். அதை சிஎல் வர்க்கத்துக்கு எதிரே வைத்தால் மூன்று புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே கோட்டில் விழுந்தன. அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருந்தேன். அச்சை வெட்டும் இடம் 0.034, அது சிடி சைபர். சரிவு 0.037, அது பி.

வந்தபடி இருந்த பி 0.031. என் இறக்கை 2 மீட்டர், நீள அகல விகிதம் 10. குறையே இல்லாத நீள்வட்ட இறக்கைக்குக்கூட அந்த விகிதத்தில் 0.0318க்குக் கீழே வராது. நுரைப்பலகையில் வெட்டி டேப் ஒட்டிய இறக்கைக்கு 0.037 நியாயமான எண்.

கேயை மட்டும் திருத்திவிட்டு மற்ற இரண்டையும் விட்டிருந்தால் பிழை மறுபக்கம் சாய்ந்திருக்கும்: 14இல் 1.45 இறங்கும் என்று நம்பும், உண்மையில் 1.8. நல்ல தேர்மலையும் தாண்டிப் போயிருக்கும்.

ஜூன் 28, சனி

கச்சான் இருந்தது, மெதுவாக. புது எண்களோடு 14இல் நேராக விட்டேன், வேரியோ (காற்று தூக்குகிறதா இறக்குகிறதா என்று காட்டுவது) சைபரை ஒட்டியே ஓடியது, ஒரு பொய் வட்டம்கூட இல்லை. பிறகு வேகத்தைக் குறைத்து, அறுவடை முடிந்த வயல் பக்கம் உள்ளே திருப்பினேன். இரண்டு செம்பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே போனதும் 1.4 காட்டியது, தானாகவே சாய்ந்து வட்டம் பிடித்தது. ஒரு நிமிடத்தில் 70 மீட்டரிலிருந்து 105. மருமகன் உயரத்தை ஒவ்வொரு மீட்டராகச் சத்தம் போட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.