28 மணி நேரம் பஸ் ஓட்டிய கதை

நிஜத்தில் எனக்கு ஸ்கூட்டர்தான் ஓட்டத் தெரியும். ஆனால் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் திருச்சியில் என் அறையில் உட்கார்ந்து பஸ்ஸை எடுத்தவன், ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குத்தான் இறங்கினேன்.

எங்கள் ஊரில் சின்ன அறக்கட்டளை ஒன்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் குழந்தைகளைச் சேர்த்துவிட்டு வராந்தாவில் படுத்துக் கிடக்கும் பெற்றோருக்கு இரவுச் சாப்பாடு கொடுக்கிறார்கள். வாரத்தில் நான்கு நாள்தான் முடிகிறது, ஐந்தாவது நாளுக்குக் காசு போதவில்லை என்றார்கள். என்னிடம் இருந்தது ஒரு கம்ப்யூட்டர், வீடியோ கேம் ஆடும் ஒரு யூடியூப் சேனல், அதைப் பார்க்கும் சில நூறு பேர்.

கேமை நேரலையில் ஆடிப் பணம் திரட்டும் யோசனை என்னுடையது அல்ல. 'டெசர்ட் பஸ்' என்று ஒரு பழைய கேம் உண்டு. பென் - டெல்லர் என்ற அமெரிக்க மந்திரவாதி ஜோடி வேண்டுமென்றே கடுப்பேற்றுவதற்காக உருவாக்கியது. டூசானிலிருந்து லாஸ் வேகாஸுக்கு மணிக்கு 45 மைல் வேகத்தில் எட்டு மணி நேரம் ஓட்ட வேண்டும். பாதை நேராகப் போகும், பயணிகள் கிடையாது. பட்டனை அழுத்திக் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்றால் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் இழுக்கும். போய்ச் சேர்ந்தால் ஒரு பாயிண்ட். கனடாவின் லோடிங்ரெடிரன் என்ற நகைச்சுவைக் குழு 2007இல் இதை நேரலையில் ஆடி, சைல்ட்ஸ் ப்ளே என்ற தொண்டு அமைப்புக்கு 22 ஆயிரம் டாலருக்கு மேல் திரட்டியது. இன்றும் விடாமல் நடத்துகிறார்கள்.

அவர்களுடைய கணக்குதான் எனக்குப் பிடித்தது. முதல் மணி நேரத்துக்கு ஒரு டாலர், அதற்கு அடுத்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 7 சதவீதம் கூட. பார்ப்பவர்கள் கொடுக்கக் கொடுக்க ஓட்டுகிறவன் எழுந்திருக்க முடியாது. கூட்டு வட்டி மாதிரிதான், மாட்டிக்கொள்வது ஓட்டுகிறவன். நான் முதல் மணி நேரத்துக்கு 500 ரூபாய் வைத்தேன். 24ஆவது மணி நேரத்தின் விலை 2,370 ரூபாய். 30 மணி நேரத்துக்கு மேல் எவ்வளவு வந்தாலும் கிடையாது என்று அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் வேலை ஆரம்பித்தது.

நான் எடுத்தது 'யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2' என்ற லாரி ஓட்டும் கேம். அதில் நம்மூர் பஸ்ஸாக மாற்றிக்கொள்ள மாட்கள், அதாவது ரசிகர்கள் செய்துவைத்த மாற்றங்கள், கிடைக்கின்றன. ஜெர்மனியின் நெடுஞ்சாலையில், 'துறையூர்' என்று போர்டு மாட்டிய பச்சை பஸ்.

ஏற்பாடுகளில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைத்தது பணம்தான். என் யூபிஐக்குப் பணம் வாங்கி நான் மாற்றிக் கொடுப்பதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்துவிட்டேன். நாளைக்கு ஒருவன் கேட்டால் பதில் சொல்ல முடியாது. பார்ப்பவர்கள் யூடியூப் வழியே பணம் அனுப்பும் சூப்பர் சாட்டும் வேண்டாம், அதில் 30 சதவீதத்தை யூடியூப் எடுத்துக்கொள்ளும். அறக்கட்டளையின் க்யூஆர் கோடையே திரையின் மூலையில் வைத்தோம். யார் அனுப்பினாலும் நேராக அவர்கள் கணக்குக்குப் போகும்.

சரி, எவ்வளவு வந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அறக்கட்டளையின் பொருளாளர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பணம் வந்ததும் அவர் போனுக்கு எஸ்எம்எஸ் வரும். அதை வாட்ஸப்பில் எங்களுக்குத் தள்ளிவிடுவார். என் தம்பி (சித்தி மகன்) அதைக் கூட்டி ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதுவான். நேரலை ஓட்டும் ஓபிஎஸ் என்ற மென்பொருள் அந்த ஃபைலைப் படித்துத் திரையில் காட்டும். ஒத்திகையில் எல்லாம் பிரமாதமாக நடந்தது. ஒத்திகை மத்தியானம் என்பதுதான் விஷயம்.

இன்னொரு சங்கதி: 12 மணி நேரத்துக்கு மேல் போகும் நேரலையை யூடியூப் சேமித்து வைக்காது. அதனால் இரவு ஒன்பதரைக்கு நிறுத்திவிட்டுப் புது இணைப்பில் தொடங்கினோம். நிறுத்தும்போது 140 பேர், திரும்பத் தொடங்கும்போது 38 பேர். இதை முன்பே பத்து தடவை சொல்லியிருக்க வேண்டும்.

பாட்டு போட முடியாதது பெரிய குறை. காப்புரிமைப் பிரச்சினை வரும். "பாட்டில்லாத பஸ்ஸில் எவன் ஏறுவான்" என்று சாட்டில் திட்டினார்கள். நியாயம்தான்.

பத்து மணிக்குக் கணக்கு 18,700ஐத் தாண்டியிருந்தது. அதாவது 19 மணி நேரம், காலை ஐந்து வரைக்கும் டிக்கெட் போட்டாகிவிட்டது. அப்புறம் எண் நகரவே இல்லை. பதினொன்று, பன்னிரண்டு, அதே 18,700. ஓய்ந்துவிட்டது என்று நினைத்தோம். சாட்டில் ஒருவர், "நான் 200 போட்டேனே, ஏன் காட்டவில்லை?" என்றார். இன்னொருவர், "நானும்தான். இது என்ன ஏமாற்று வேலையா?" என்றார். சித்தி மகன் பொருளாளருக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. தூங்கிவிட்டார்.

தப்பு அவர்மேல் இல்லை. எழுபதை நெருங்கும் மனிதரிடம் '28 மணி நேரம் விழித்திருப்பீர்களா' என்று நான் கேட்டிருக்க வேண்டும். நடந்ததைத் திரையில் எழுதிப் போட்டேன். சாட்டில் சிரித்தார்கள். சிலர் சிரிக்காமல் போய்விட்டார்கள்.

நள்ளிரவு முதல் இரண்டரை வரை தம்பி ஓட்ட, நான் தூங்கினேன். இரண்டே காலுக்கு கரண்ட் போனது. இன்வெர்ட்டர் தாங்கியது, ஆனால் தெருமுனையில் இருந்த பிராட்பேண்ட் பெட்டிக்கு இன்வெர்ட்டர் இல்லை. போன் ஹாட்ஸ்பாட்டில் தரத்தைக் குறைத்து கால் மணி நேரம் ஓட்டினான். "அண்ணே, எழுந்திரு, கை மரத்துப்போச்சு" என்று அவன் உலுக்கியபோது போலந்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

மூன்று மணிக்கு மேல்தான் கஷ்டம். பசியும் இல்லை, தூக்கமும் வரவில்லை, கண்ணுக்குள் மணல். கேமிலும் ஓட்டுநருக்குக் களைப்பு உண்டு. கொட்டாவி விடுவார், திரை இருட்டும். அவரை ஓய்விடத்தில் நிறுத்தினால் ஒரு நொடியில் ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்துவிடுகிறார். அந்த ஆளின்மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது.

அம்மா டீ கொண்டுவந்தார். மைக் ஓடுவது தெரியாமல், "யாருடா இந்நேரத்துக்கு இதைப் பாக்குறாங்க?" என்றார். 31 பேர் என்றேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாட்டில் ஒருவர், "அம்மா, எதாவது பேசுங்க, பஸ்ஸில் பாட்டு இல்லை" என்று எழுத, நான் வாசித்துக் காட்டினேன்.

எனக்கு ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததைப் பேச ஆரம்பித்தார். எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அந்த ஒன்பது நாளும் இரவில் அப்பாவும் அவரும் வாசலில் ஒரு பன்னை வாங்கி டீயில் நனைத்து ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. "கையில காசு இல்லாம இல்ல. மருந்து எழுதிக் குடுத்துட்டா என்ன பண்றதுன்னு பயம்" என்றார். நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண் அப்போதும் 18,700தான்.

நான்கு நாற்பதுக்கு, டிக்கெட் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது, தம்பியின் போன் கிர்ர் கிர்ர் என்று நிற்காமல் அதிர்ந்தது. பொருளாளர் வாக்கிங் போக எழுந்திருக்கிறார். ஒன்றன்பின் ஒன்றாக எஸ்எம்எஸ்களைத் தள்ளுகிறார். 50, 100, 21, 500, 101. நேரத்தைப் பார்த்தேன். பாதிக்கு மேல் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே வந்தவை. தம்பி இரண்டு முறை கூட்டினான். 34,600. அதாவது 26 மணி நேரம், மதியம் பன்னிரண்டு வரை. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னொரு டீ போடப் போனார்.

பிறகு நடந்ததெல்லாம் மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. காலையில் நடுவே ஒன்றரை மணி நேரம் தூங்கினேன். ஒரு சுங்கச்சாவடியில் இடித்தேன். மொத்தம் 41,260 ரூபாய், 28 மணி நேரம்.

வருமான வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது வேண்டுமென்றால் பெயரும் பான் எண்ணும் தேவைப்பட்டன. யூபிஐயில் பான் எண் வராது என்பதால் அறக்கட்டளையே தனியாகப் படிவம் வைத்தது. கொஞ்சம் பேர்தான் நிரப்பினார்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது, அதனாலும் இருக்கலாம்.

திங்கட்கிழமை கணக்கு ஒப்பிட அறக்கட்டளைக்குப் போனேன். பொருளாளர் பாஸ்புக்கை என் முன்னால் தள்ளிவிட்டு, "அடுத்த தடவை முன்னாடியே சொல்லிடுங்க தம்பி, மத்தியானமே தூங்கி எழுந்து வந்து உக்காந்துடுறேன்" என்றார்.