சாச்சுரேஷன் 96, மூச்சு 34

வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, "மூச்சை எண்ணினாயாம்மா?" என்றுதான். நாடி, பிரஷர், காய்ச்சல் எல்லாம் கருவி வைத்துச் சரியாகப் பார்த்துவிடுவார்கள், மூச்சு மட்டும் சார்ட்டில் எல்லோருக்கும் 18 அல்லது 20 என்று இருக்கும்.

நானும் ஒரு காலத்தில் அப்படி எழுதியவள்தான். நிமோனியாவோடு ஒரு பெரியவர், மாஸ்க்கில் ஆக்சிஜன் ஓடுகிறது, விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, 96 சதவீதம் என்று காட்டுகிறது, நான் நிம்மதியாக அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். பின்னால் வந்த மூத்த சிஸ்டர் போர்வையை விலக்கி, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முழு ஒரு நிமிடம் நெஞ்சையே பார்த்தார். 34. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்க வேண்டியது. அப்போதுதான் கவனிக்கிறேன், அவர் இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார், ஒரு மூச்சுக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் வரவில்லை, கழுத்துத் தசை ஒவ்வொரு மூச்சுக்கும் இழுக்கிறது. டாக்டரைக் கூப்பிட்டு விடிவதற்குள் ஐசியூவுக்கு மாற்றினோம், பிழைத்து வீட்டுக்குப் போனார்.

கொடுக்கும் ஆக்சிஜன் அந்த எண்ணைத் தாங்கிப் பிடித்திருக்கும். அதைத் தக்கவைக்க உடம்பு எவ்வளவு பாடுபடுகிறது, கரியமில வாயு எவ்வளவு சேர்கிறது என்பதையெல்லாம் ஆக்சிமீட்டர் சொல்லாது. விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அது தப்பாகவும் காட்டலாம், கருத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டக்கூடும். அதனால் எண்ணைப் பாருங்கள், ஆனால் ஆளையும் பாருங்கள். எண்ணப்போகிறேன் என்று சொன்னால் மூச்சு மாறிவிடும், நாடி பார்ப்பது போலக் கையைப் பிடித்துக்கொண்டே எண்ணுங்கள். வீசிங் சத்தம் பலமாக இருந்த ஆஸ்துமா நோயாளியிடம் திடீரென்று சத்தம் நின்று, ஆளும் சோர்ந்து தூங்கி வழிந்தால், தேறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். காற்றே உள்ளே போகாமல் இருக்கலாம், உடனே உதவிக்கு ஆளைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் பலருக்கு சாச்சுரேஷன் இலக்கே 88 முதல் 92 வரைதான். எண் குறைவாக இருக்கிறதே என்று பரிதாபப்பட்டு ஆக்சிஜனைக் கூட்டிவிட்டால் கரியமில வாயு ஏறி மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம். டாக்டர் எழுதிய அளவைத் தலைமாட்டிலேயே ஒட்டி வைப்பேன்.

அப்புறம் சக்‌ஷன். அதாவது கத்தீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டுச் சளியை உறிஞ்சி எடுப்பது. மூச்சுவிடக் கழுத்தில் துளையிட்டு வைத்த டிரக்கியாஸ்டமி குழாய் இருப்பவருக்கு மணி பார்த்து சக்‌ஷன் செய்வது எனக்குப் பிடிக்காது. சளி குறுகுறுவென்று கேட்கிறதா, இருமுகிறாரா, சாச்சுரேஷன் இறங்குகிறதா, அப்போது செய்தால் போதும். முன்னும் பின்னும் ஆக்சிஜன், குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் தடிமன் இல்லாத கத்தீட்டர், உள்ளே விடும்போது உறிஞ்சாமல் வெளியே இழுக்கும்போது மட்டும் உறிஞ்சுவது, மொத்தமும் 10 முதல் 15 விநாடிக்குள். அந்த நேரம் நான் என் மூச்சையும் பிடித்துக்கொள்வேன். எனக்கு முட்டினால் அவருக்கு எப்போதோ முட்டியிருக்கும். சளி கட்டியாகாமல் இருக்கக் காற்றில் ஈரப்பதம் வேண்டும். அதே அளவுக் குழாய் ஒன்றும் ஒரு சைஸ் சின்னது ஒன்றும் கட்டிலருகே எப்போதும் இருக்க வேண்டும், குழாய் கழன்ற பிறகு ஸ்டோருக்கு ஓட நேரம் இருக்காது.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் ஒருமுறை ஒருவர் என் கையைத் தட்டிவிட்டார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். சிலேட்டைக் கேட்டு வாங்கி எழுதினார்: "தண்ணியில முங்குற மாதிரி இருக்கு. சொல்லிட்டு செய்ங்க சிஸ்டர்." குழாய் இருப்பவரால் கத்தக்கூட முடியாது என்பது எனக்குத் தெரிந்ததுதான், அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் உறைத்தது. இப்போது கையுறை போடும் முன்பே எதிரில் நின்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன், அவர் தலையசைத்த பிறகே தொடங்குகிறேன். போதும் என்றால் கையைத் தூக்கச் சொல்லியிருக்கிறேன், தூக்கினால் நிறுத்திவிடுவேன். கட்டிலை விட்டு நகரும் முன் சிலேட்டும் அழைப்பு மணியும் அவர் கைக்கு எட்டுகிறதா என்று அவரையே ஒருமுறை எடுத்துக்காட்டச் சொல்கிறேன்.