தள்ளிப்போகும் மாதவிடாயும் கருமுட்டை வெளிவரும் நாளும்

கருமுட்டை வெளிவருவது பதினான்காம் நாளில் என்ற கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். அது 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் மாதவிடாய் வருகிறவர்களுக்கான கணக்கு. ஒருமுறை 31 நாளிலும் அடுத்தமுறை 46 நாளிலும் வருகிறவருக்குக் கைபேசிச் செயலி குறித்துக் கொடுக்கும் நாட்கள் வெறும் சராசரிதான். போன மாதங்களைக் கூட்டி வகுத்துச் சொல்கிறது. இந்த மாதம் சினைப்பையில் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

சுழற்சி நீள்வதெல்லாம் பெரும்பாலும் முட்டை வெளிவருவதற்கு முந்தைய பாதியில்தான். முட்டை வெளிவந்துவிட்டால் அடுத்த மாதவிடாய் வர 12 முதல் 14 நாள் ஆகும். சிலருக்கு 10, சிலருக்கு 16. ஒரே பெண்ணுக்கு இந்தப் பின்பாதி மாதத்துக்கு மாதம் அதிகம் மாறாது. ஆக, 46 நாள் சுழற்சியில் முட்டை வெளிவந்தது ஏறக்குறைய 32ஆம் நாளில். 12ஆம் நாளிலிருந்து 16ஆம் நாள் வரை பார்த்துப் பார்த்துச் சேர்ந்தவர்களுக்கு அந்த மாதம் வாய்ப்பே இருந்திருக்காது. 'விசேஷம் ஏதும் உண்டா' என்று உறவுக்காரர்கள் கேட்கும்போது தன் உடம்பையே குறைசொல்லிக்கொள்ளும் பெண்கள் பலருக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

விந்தணு பெண்ணின் உடலுக்குள் 5 நாள் வரை உயிரோடிருக்கும். முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். அதனால் கருத்தரிக்கக்கூடிய நாட்கள் மொத்தம் ஆறு. அவற்றில் முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய இரண்டு நாளும்தான் மிக நல்லவை. முட்டைக்கு முன்னால் தெரியும் அறிகுறி சேர வேண்டிய நாளைச் சொல்லும். பின்னால் தெரியும் அறிகுறி, முட்டை வந்ததா இல்லையா என்பதை மட்டும் சொல்லும். இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றின் வேலையை மற்றதிடம் எதிர்பார்க்கக் கூடாது.

முன்னால் தெரிவதில் செலவே இல்லாதது வெள்ளைப்படுதல். மாதவிடாய் நின்றதும் சில நாள் வறண்டிருக்கும், பிறகு பிசுபிசுப்பாக, பிறகு கிரீம் போல மாறும். முட்டை நெருங்கும்போது தெளிவாக, வழுக்கலாக, பச்சை முட்டையின் வெள்ளைக்கருவைப் போல இரு விரலுக்கிடையே அறுபடாமல் இழுபடும். அப்படித் தெரியும் நாட்களில் சேருங்கள். அந்த வழுக்கல் கடைசியாகத் தெரிந்த நாளை ஒட்டித்தான் முட்டை பெரும்பாலும் வெளிவருகிறது. கழிப்பறையில் துடைக்கும்போது கவனித்தாலே போதும். தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள் கழுவுமுன் ஒரு டிஷ்யூவால் துடைத்துப் பார்க்க வேண்டும். கழுவிய பிறகு ஒன்றும் தெரியாது. அரிப்பு, நாற்றம், தயிர்போல் திரிந்த வெள்ளை இருந்தால் அது தொற்று. அதைக் கணக்கில் சேர்க்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அடுத்தது எல்ஹெச் ஸ்ட்ரிப், அதாவது முட்டையை வெளிவரத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோன் ஏறுவதைச் சிறுநீரில் காட்டும் சோதனைப் பட்டை. ஃபார்மசியிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. சுழற்சி நீளமானவருக்கு ஒரு மாதத்திலேயே இருபது ஸ்ட்ரிப் போய்விடும் என்பதால், விலை கூடிய டிஜிட்டல் கருவியைவிடக் கட்டாக வரும் சாதா ஸ்ட்ரிப்பே போதும் என்பேன். எப்போது தொடங்குவது? கடந்த ஆறு மாதத்தில் மிகக் குறுகிய சுழற்சியிலிருந்து 17ஐக் கழியுங்கள். 31 என்றால் 14ஆம் நாள். வழுக்கல் தெரியும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள் பாருங்கள், தெரிந்ததும் தினமும். கோடு கருக்கத் தொடங்கினால் நண்பகல் ஒன்று, இரவு ஒன்று என இரண்டு வேளை. சிலருக்கு எல்ஹெச் உச்சம் ஒரு நாள்கூட நிற்பதில்லை; ஒருவேளை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அது தவறிப்போகும்.

காலையில் முதலில் போகும் சிறுநீர் இதற்குத் தேவையில்லை. எல்ஹெச் பெரும்பாலும் விடியற்காலையில் ஏறும், சிறுநீரில் தெரியச் சில மணி நேரமாகும். அதனால் நண்பகலுக்கும் இரவு எட்டுக்கும் இடையில் தினமும் ஒரே நேரத்தில் எடுங்கள். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் அதிகம் குடிக்க வேண்டாம். மதியச் சாப்பாட்டோடு பெரிய கிளாஸ் தே ஓ ஐஸ் (பாலில்லாத ஐஸ் தேநீர்) குடித்துவிட்டுப் பார்த்தால் சிறுநீர் நீர்த்துக் கோடு வெளிறும். கப்பில் பிடித்து, ஸ்ட்ரிப்பில் குறித்த கோட்டைத் தாண்டாமல், உறையில் சொன்ன விநாடிவரை நனைத்து, படுக்கையாக வைத்து 5 நிமிடத்தில் பாருங்கள். 10 நிமிடம் கடந்தபின் தெரிவது கணக்கில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் பிரித்து வைத்த ஸ்ட்ரிப் கெட்டுவிடும், ஆகவே பயன்படுத்தும் நொடியில்தான் உறையைக் கிழிக்க வேண்டும். பெட்டியைக் குளியலறையில் வைக்கக் கூடாது.

இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது. கர்ப்பச் சோதனையில் மங்கலான இரண்டாவது கோடும் நல்ல செய்தி. எல்ஹெச் ஸ்ட்ரிப்பில் அப்படியில்லை. அந்த ஹார்மோன் எப்போதும் கொஞ்சம் உடம்பில் இருப்பதால் மங்கல் கோடு எந்த நாளும் வரலாம். சோதனைக் கோடு, ஒப்பீட்டுக் கோட்டின் அளவுக்கோ அதைவிட அதிகமாகவோ கருத்திருந்தால் மட்டுமே பாசிட்டிவ். தினமும் ஒரே வெளிச்சத்தில் படமெடுத்து வரிசையாக வைத்தால் ஏற்றம் கண்ணுக்குத் தெரியும். பாசிட்டிவ் வந்தால் முட்டை பெரும்பாலும் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் வெளிவரும். அன்றும் மறுநாளும் தவறவிடாதீர்கள்.

ஆனால் சினைப்பை நீர்க்கட்டி, அதாவது பிசிஓஎஸ் உள்ளவர்களை ஸ்ட்ரிப் ஏமாற்றும். அவர்களில் பலருக்கு எல்ஹெச் அடிப்படையிலேயே உயர்ந்திருப்பதால் நாட்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். அல்லது உடல் முயன்று எல்ஹெச்சை ஏற்றும், முட்டை வெளிவராது, பத்து நாள் கழித்து மீண்டும் ஏற்றும். வழுக்கலும் அதேபோல் வந்து வந்து மறையும். எனவே ஒருமுறை பாசிட்டிவ் வந்ததும் பெட்டியை மூடிவிடாதீர்கள். உடல் வெப்பம் ஏறும்வரை சோதனையைத் தொடருங்கள்.

முட்டை வெளிவந்தபின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் உடல் வெப்பத்தை 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்த்தும். இதை அளக்கத் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் தெர்மாமீட்டர் வேண்டும். நெற்றிக்கு நேரே நீட்டும் கருவி உதவாது. கண் விழித்ததும், எழுந்திருக்காமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், நாக்கின் அடியில் வைத்து வாயை மூடுங்கள். அதற்குமுன் மூன்று மணி நேரமாவது தொடர்ந்து தூங்கியிருக்க வேண்டும். முந்தைய ஆறு நாள் அளவுகளைவிட உயர்ந்த மூன்று நாள் அடுத்தடுத்து வந்து, மூன்றாவது நாள் 0.2 டிகிரியாவது கூடியிருந்தால் முட்டை வந்துவிட்டது. ஒரே ஒருநாள் ஏறி இறங்கினால் அது காய்ச்சலோ தூக்கக் கேடோ.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் மாறி மாறி ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு இந்த முறை சரிவராது. நைட் ஷிப்டில் பகல் தூக்கம் முடிந்து எழும்போது எடுக்கலாம். ஆனால் ஷிப்ட் மாறும் வாரத்து எண்களை நம்ப வேண்டாம்.

வெப்பம் ஏறவே ஏறாமல் இரத்தப்போக்கு வந்தால், அந்தச் சுழற்சியில் அநேகமாக முட்டை வெளிவரவில்லை. மாதவிடாய் வந்தாலே முட்டை வந்ததாக அர்த்தமில்லை. இரண்டு மூன்று சுழற்சி இப்படியே போனால் மேலும் ஸ்ட்ரிப் வாங்கிப் பயனில்லை.

இத்தனையும் சுமையாகத் தெரிந்தால் ஒரு நேர்வழி உண்டு. மாதவிடாய் நின்றதிலிருந்து அடுத்தது வரும்வரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்தால், முட்டை எந்த நாளில் வந்தாலும் விந்தணு காத்திருக்கும். 'இன்றைக்கு நாள்' என்று நாள்குறித்து நெருக்குவதில் கணவன் மனைவிக்குள் வரும் கசப்பை நான் லேசாக எண்ணுவதில்லை. கடையில் கிடைக்கும் லூப்ரிகண்ட் பலவும் விந்தணுவின் அசைவைக் குறைக்கும். கருத்தரிக்க முயல்வோருக்கு என்று குறிப்பிட்டதைப் பாருங்கள். பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ தைப்பூச விரதம் இருக்கும் தம்பதிகள், அந்தச் சுழற்சியின் நல்ல நாட்கள் விரதத்துக்குள் விழலாம் என்பதை முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரைப் பார்க்க ஒரு வருடம் காத்திருங்கள் என்பது சீரான சுழற்சி உள்ள, 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கான அறிவுரை. 35ஐத் தாண்டினால் ஆறு மாதம். சுழற்சி 21 நாளுக்குக் குறைவாகவோ 35 நாளுக்கு மேலாகவோ வருகிறவர்கள் இப்போதே போகலாம். தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, பிசிஓஎஸ்ஸுக்கான பரிசோதனைகள், இவற்றைக் கேளுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில், அதாவது அரசு சுகாதார கிளினிக்கில், கர்ப்பத்துக்கு முந்தைய பராமரிப்புச் சேவை உண்டு, அங்கிருந்தே நிபுணருக்குக் கடிதமும் கிடைக்கும். கோலாலம்பூரில் எல்பிபிகேஎன் எனும் தேசிய மக்கள்தொகை குடும்ப மேம்பாட்டு வாரியமும் கருத்தரிப்புச் சிக்கலுக்குச் சேவை வழங்குகிறது. கணவரின் விந்துப் பரிசோதனையும் அதே காலத்தில் நடக்கட்டும். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். ஃபோலிக் அமிலம் தினமும் 400 மைக்ரோகிராம் இப்போதே தொடங்கலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு டாக்டர் 5 மில்லிகிராம் எழுதுவார். தலசீமியா பரிசோதனை செய்யாதவர்கள் இதோடு அதையும் முடித்துக்கொள்ளுங்கள்.

'21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன்' சோதனைக்கு எழுதிக் கொடுத்தால் உங்கள் சுழற்சி எத்தனை நாள் என்று சொல்லுங்கள். அந்த இரத்தம் முட்டை வெளிவந்து ஏழு நாள் கழித்து எடுக்கப்பட வேண்டியது. 46 நாள் சுழற்சியில் 21ஆம் நாள் எடுத்தால் குறைவாகத்தான் இருக்கும், அதில் செய்தி ஒன்றுமில்லை. நாள் தெரியாதவர்களுக்கு மாதவிடாய் வரும்வரை வாரம் ஒருமுறை எடுப்பதுண்டு. லிட்டருக்கு 30 நேனோமோலுக்கு மேல் வந்தால் முட்டை வந்ததற்கு நல்ல சான்று. முட்டையைத் தூண்ட குளோமிஃபீன் சாப்பிடுகிறவர்கள் கடைசி மாத்திரைக்குப் பின் மூன்று நாளாவது விட்டுத்தான் ஸ்ட்ரிப் பார்க்க வேண்டும். முட்டை வெடிக்க ஹெச்சிஜி ஊசி போட்டவர்களுக்கு எல்ஹெச் ஸ்ட்ரிப்பும் கர்ப்பச் சோதனையும் ஏறக்குறைய இரண்டு வாரம் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம்.

நாள் தள்ளிப்போனது என்பதற்கு உங்கள் விஷயத்தில் பொருளில்லை, ஆகவே கர்ப்பச் சோதனையை வெப்பம் ஏறியதிலிருந்து எண்ணி 14 நாள் கழித்துச் செய்யுங்கள். வெப்பம் 18 நாளுக்கு மேல் இறங்காமல் நின்றால் கர்ப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். பாசிட்டிவ் வந்து கிளினிக்கில் பிங்க் புத்தகம் (கர்ப்பகாலப் பதிவுப் புத்தகம்) போடும்போது கடைசி மாதவிடாய்த் தேதியைக் கேட்பார்கள். கூடவே முட்டை வெளிவந்த தேதியையும், சுழற்சி எத்தனை நாள் என்பதையும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 28 நாள் கணக்கில் வாரம் போடுவார்கள், முதல் ஸ்கேனில் குழந்தை இரண்டு வாரம் சின்னதாகத் தெரிந்து வீணாகப் பயப்பட நேரும்.